துண்டுக்கு அடியில் காய்வது

எங்கள் வீட்டுக் கொடியில் துணிகளுக்கு ஒரு வரிசை உண்டு. வாசலில் இருந்து பார்த்தால் முதலில் அப்பாவின் வேட்டி, அடுத்து சட்டைகள், பிறகு அம்மாவின் சேலை. எல்லாவற்றுக்கும் பின்னால், சுவரை ஒட்டிய கொடியில் ஒரு ஈரிழைத் துண்டு எப்போதும் கிடக்கும். அதில் யாரும் முகம் துடைத்து நான் பார்த்ததில்லை. ஈரமே படாமல் நாள் முழுக்கக் கிடக்கும். அதற்கு அடியில்தான் எங்கள் பாடீஸ்கள் காயும். காயும் என்பது ஒரு பேச்சுக்குத்தான். மழைக்காலத்தில் மூன்று நாள் ஆனாலும் அந்த ஈர வாடை போகாது.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் மறந்துபோய் அதை வெயிலில் போட்டுவிட்டேன். ஆச்சி அடுக்களையில் இருந்து ஓடி வந்தாள். "அத எதுக்கு மக்ளே வெளிய போடுத? ஆம்பளைங்க வந்து போற எடம். துண்டுக்கு அடியில போடு." அப்பாவின் ஜட்டி முன்கொடியில் கிளிப் போட்டு ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாருக்கும் ஒரு கவலையும் இல்லை.

அதே வருடம்தான் நான் ஓடுவதை நிறுத்தினேன். 200 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தேன், பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் இரண்டாவதாக வந்திருக்கிறேன். மைதானத்தைச் சுற்றி நின்ற பையன்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று புரியக் கொஞ்ச நாளானது. புரிந்த பிறகு கைகளை மார்போடு ஒட்டிவைத்து ஓடிப் பார்த்தேன். அப்படி ஓடினால் யாராலும் ஜெயிக்க முடியாது. காலில் சுளுக்கு என்று சொல்லி நின்றுகொண்டேன். சுளுக்கெல்லாம் ஒன்றும் இல்லை.

என் பிரச்சினைக்கு ஏற்ற துணி ஒன்றை, நான் பிறப்பதற்கு முன்பே, மூன்று பெண்கள் தைத்து முடித்திருந்தார்கள் என்பது இருபது வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அவர்களைத் தேடிப் போனபோதுதான் உள்ளாடைகளின் வரலாற்றுக்குள் விழுந்தேன். படித்தவரைக்கும் ஒரு கேள்வி கூடவே வந்துகொண்டிருந்தது. இதை யார் முடிவு செய்தார்கள்? யார் வெட்டினார்கள், யார் தைத்தார்கள், யார் போட்டுக்கொண்டார்கள்? இந்த நான்கு பேரும் ஒரே ஆளாக இருந்த சமயங்கள் ரொம்பக் குறைவு.

கச்சும் வம்பும்

உள்ளே ஒளித்துப் போடும் துணி என்ற எண்ணமே அவ்வளவு பழசு கிடையாது. மார்புக்கான துணிக்குத் தமிழில் பழைய பெயர்கள் பல: கச்சு, கச்சை, வார், வம்பு. ஆமாம், அதே வம்புதான். "வம்புக்கு வராதே" என்கிறோமே, அந்தச் சொல்லுக்கு மார்க்கச்சு என்றும் ஒரு பொருள் உண்டு. அகராதியில் முதன்முறை பார்த்தபோது சிரித்துவிட்டேன்.

கச்சு வெளியே தெரிந்த துணி. அது ஒரு அணியும்கூட. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் செப்புத்திருமேனிகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பெருமாளுக்கு வலப்புறம் ஸ்ரீதேவி, இடப்புறம் பூதேவி. இருவருக்கும் ஒரே நெளிவு, ஏறக்குறைய ஒரே மகுடம். தனித்தனியாக வைத்தால் எப்படி அடையாளம் காண்பது? ஸ்ரீதேவியின் மார்பைச் சுற்றி ஒரு பட்டை ஓடும். பூதேவிக்கு இருக்காது. சிற்ப மரபில் அதற்குக் குசபந்தம் என்று பெயர். இருவரும் தெய்வம்தான். கட்டியவள் ஒழுக்கமானவள், கட்டாதவள் அப்படியில்லை என்ற கணக்கெல்லாம் அந்த உலோகத்தில் இல்லை.

ரோமானியர்களிடமும் இதே மாதிரி ஒரு பட்டை இருந்தது. ஸ்ட்ரோஃபியம் என்பார்கள். இத்தாலியின் சிசிலித் தீவில், பியாட்சா ஆர்மெரினா என்ற ஊருக்குப் பக்கத்தில், 4ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்று இருக்கிறது. அதன் தரையில் சின்னச் சின்னக் கல் பதித்துப் பத்து இளம்பெண்களின் உருவங்களைச் செய்திருக்கிறார்கள். மார்பில் ஒரு பட்டை, இடுப்பில் ஒரு துணி. ஒருத்தி கையில் எடைக்கல், ஒருத்தி வட்டு எறிகிறாள், இரண்டு பேர் பந்து விளையாடுகிறார்கள். ஜெயித்தவள் தலையில் கிரீடம், கையில் ஈச்ச ஓலை. இரண்டு பேர் ஓடுகிறார்கள். அந்தப் படத்தை முதலில் பார்த்த அன்று நான் அந்த ஓடும் பெண்களைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கைகளை வீசி ஓடுகிறார்கள்.

தரைக்கு அடியில் கிடந்தது

உள்ளாடைகளின் வரலாற்றை எழுத ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. அவை மிஞ்சுவதே இல்லை. பட்டுச்சேலையைப் பெட்டியில் வைத்துப் பேத்திக்குக் கொடுப்போம். பழைய பாடீஸை யார் வைத்திருப்பார்கள்? நைந்தால் கரித்துணி. ராஜா வீட்டில்கூட அப்படித்தான். அதனால் அருங்காட்சியகங்களில் இருக்கும் கவுன்களை வைத்து, உள்ளே என்ன போட்டிருப்பார்கள் என்று ஊகித்துத்தான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். கோப்பை வடிவம் வைத்த பிரா 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த புதுமை என்பதும் அப்படி வந்த முடிவுதான்.

2008இல் ஆஸ்திரியாவின் கிழக்கு டிரோல் பகுதியில் லெங்பெர்க் என்ற கோட்டையைப் பழுதுபார்த்தார்கள். ஓர் அறையின் தரைக்கு அடியில், வளைகூரையின் மேற்புற இடுக்கை நிரப்பக் கொட்டியிருந்த குப்பைக்குள் 2,700க்கும் மேற்பட்ட துணித் துண்டுகள் கிடைத்தன. 15ஆம் நூற்றாண்டில் கோட்டையைக் கட்டி உயர்த்தியபோது அடைத்த குப்பை அது. காற்றும் ஈரமும் படாததால் துணி மக்கவில்லை. இன்ஸ்ப்ருக் பல்கலைக்கழகத்தின் பியாட்ரிக்ஸ் நட்ஸ் அவற்றை ஆராய்ந்தார். அதில் நான்கு துண்டுகள் லினன் துணியில் தைத்த, தனித்தனிக் கோப்பைகள் வைத்த மார்பாடைகள். அச்சு அசலாக இன்றைய பிரா மாதிரியே ஒன்று இருந்தது. 2012இல் செய்தி வெளியானபோது துணி வரலாறு படிப்பவர்களே அசந்துபோனார்கள்.

என்னை நிறுத்தியது அதன் விளிம்பு. யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஊசியால் பின்னி அலங்காரம் செய்திருக்கிறார்கள். 600 வருடத்துக்கு முன்னால் ஒருத்தி தன் உடம்புக்குத் தேவையானதை யோசித்து, வெட்டி, அழகும் பார்த்து முடித்திருக்கிறாள். பிறகு வந்தவர்கள் அதைத் திரும்ப முதலில் இருந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நடுவில் வந்தது திமிங்கிலம்.

ஒரு ஜோடி உடம்பு

16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரண்மனைகளில் பெண்ணின் மேலுடம்பு ஒரு கூம்பு மாதிரி இருக்க வேண்டும் என்று ஆனது. அதற்காக விறைப்பான ஒரு சட்டம் தைத்தார்கள். இடதுபக்கம் ஒன்று, வலதுபக்கம் ஒன்று, நடுவில் கயிறு போட்டு இறுக்குவது. ஆங்கிலத்தில் அதை ஒரு ஜோடி பாடீஸ், அதாவது ஒரு ஜோடி உடம்புகள் என்றே சொன்னார்கள். அந்தப் பன்மைச் சொல்தான் உச்சரிப்பு மாறாமல் எழுத்து மட்டும் மாறித் தனிச் சொல்லாக நின்றது. அதுவே கப்பல் ஏறி வந்து நம் ஜவுளிக்கடையில் மறுபடி பாடீஸ் ஆனது. "பாடி சைஸ் என்னக்கா?" என்று கடைப்பெண் கேட்கும்போது, தெரியாமலே அந்தச் சொல்லின் வேரைத் தொடுகிறாள்.

இந்தச் சட்டத்துக்கு எலும்பு கொடுத்தது திமிங்கிலம். சரியாகச் சொன்னால் அது எலும்பே இல்லை. பல்லுக்குப் பதிலாகச் சில திமிங்கிலங்களின் வாயில் சல்லடை மாதிரித் தொங்கும் தகடு. நம் நகம் என்ன பொருளோ அதே பொருள். வளையும், சூடு காட்டினால் சொன்ன வடிவத்தில் நிற்கும். அதை மெல்லிய குச்சிகளாகக் கிழித்துத் துணிக்குள் இறக்கினார்கள். ஒரு பெண்ணின் இடுப்பு நிமிர்ந்து நிற்க வட கடல்களில் கப்பல்கள் வேட்டையாடிக்கொண்டிருந்தன.

யார் செய்தார்கள் என்பதில்தான் விஷயம். 1675இல் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி, பெண் தையல்காரர்கள் பாரிஸில் தங்களுக்கென ஒரு தொழிற்சங்கம் வைத்துக்கொள்ள அனுமதித்தார். பெண்களின் உடைகளைப் பெண்களே தைப்பதுதான் அடக்கம் என்பது அவர்கள் வைத்த வாதம். ஆனால் எலும்பு வைத்த மேற்சட்டத்தைத் தைக்கும் உரிமை ஆண் தையல்காரர்களிடமே நின்றுவிட்டது. லண்டனில் பெண்கள் கூலிக்குத் தையல் போட்டார்கள். வெட்டுவதும் எலும்பு இறக்கி வடிவம் கொடுப்பதும் ஆண்களின் வேலை. பெண்களுக்கு அதற்குக் கைவலு போதாதாம். அதை மூச்சுமுட்டப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்கும் வலு மட்டும் இருந்தது.

அந்தத் தொழிலில் இருந்த ஓர் ஆளை நமக்கெல்லாம் தெரியும். 1776இல் 'காமன் சென்ஸ்' எழுதி அமெரிக்க விடுதலைக்குத் தீ மூட்டிய, பிறகு 'மனிதனின் உரிமைகள்' எழுதிய தாமஸ் பெய்ன். அவருடைய அப்பா இந்தச் சட்டங்களைச் செய்பவர். பெய்னும் சிறுவயதில் அவரிடமே தொழில் பழகி, சில வருடங்கள் அதில் பிழைத்தார். மனித உரிமை என்று எழுதிய கை, அதற்கு முன்னால் திமிங்கிலத் தகடுகளை இறக்கிய கை. அவரைக் குறை சொல்லவில்லை. தையற்கூடத்தில் எல்லா அளவையும் எடுக்கிறோம், போடுகிறவளின் வாயில் இருந்து வரும் சொல்லை மட்டும் குறித்துக்கொள்வதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டில் இது கார்செட் ஆனது. 1828 வாக்கில் கயிறு நுழையும் துளைகளுக்கு உலோக வளையம் வந்தது. அதற்கு முன் நூலால் தைத்த துளை, ரொம்ப இழுத்தால் கிழிந்துவிடும். துணி கிழிவதுதான் இறுக்கத்துக்கு இருந்த எல்லை. உலோகம் வந்ததும் அந்த எல்லையும் போனது. இன்னொரு பக்கம், முன்பக்கம் கொக்கி வைத்த இரும்புப் பட்டை வந்த பிறகு, வேலைக்காரியின் உதவி இல்லாமல் ஒரு பெண் தானே போட்டுத் தானே கழற்ற முடிந்தது. இடுப்பு சிறுக்க விலா எலும்பை வெட்டி எடுத்துக்கொண்டார்கள் என்ற கதை இணையத்தில் சுற்றுகிறது. அதற்குச் சான்று கிடையாது. உண்மையில் நடந்ததே போதும்: வளரும் வயதில் இருந்து இறுக்கிக் கட்டினால் விலா வளையும், மூச்சு மேலோடு நிற்கும்.

கீழே போடுவது? 1800க்கு முன்னால் பெரும்பாலான ஐரோப்பியப் பெண்கள் இடுப்புக்குக் கீழ் உள்ளாடை என்று தனியாக எதுவும் போடவில்லை. நீளமான ஷெமிஸ், அதன் மேல் பாவாடைகள், அவ்வளவுதான். அந்த ஷெமிஸ்தான் நம் வீட்டுச் சிம்மீஸ். 1800க்குப் பிறகு வந்த முழங்கால்வரை நீளும் உள்ளாடைக்கு இரண்டு தனிக் கால்கள், இடுப்பில் மட்டும் இணைப்பு, நடுவில் திறப்பு. அத்தனை அடுக்குப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேறு எப்படிச் சிறுநீர் கழிப்பது?

போடக்கூடாது என்றார்கள்

இங்கிலாந்தில் பெண்கள் இப்படி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், என் ஆச்சி பிறந்த தென் திருவிதாங்கூரில் கேள்வியே வேறாக இருந்தது. அங்கே பெண்ணுக்கு என்ன போடுவது என்பதல்ல, போடலாமா என்பதுதான் வழக்கு. நாடார் உள்ளிட்ட பல சாதிப் பெண்கள் இடுப்புக்கு மேல் துணி போடக்கூடாது. மேல்சாதியார் எதிரில் மார்பு திறந்திருப்பதுதான் மரியாதை என்று வைத்திருந்தார்கள்.

கிறித்தவத்துக்கு மாறிய நாடார் பெண்கள் மேல்துணி போடலாம் என்று கர்னல் மன்றோ காலத்தில் உத்தரவு வந்தது. எதிர்ப்பு வந்ததும், சிரியன் கிறித்தவப் பெண்கள் போடும் குப்பாயம் என்ற சட்டை போட்டால் போதும், தோளில் சீலை கூடாது என்று அது சுருங்கியது. 1822இல் கல்குளம் பக்கம் கலவரம். 1829இல் அரண்மனை மறுபடி ஒரு பிரகடனத்தில் தோள்சீலையைத் தடுத்தது. 1858 கடைசியிலும் 1859 தொடக்கத்திலும் சந்தைகளில் பெண்களின் மேல்துணியை இழுத்துக் கிழித்தார்கள். ஆலயங்களும் பள்ளிகளும் எரிந்தன. சென்னை ஆளுநர் டிரெவெலியனின் அழுத்தத்துக்குப் பிறகு, 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா நாடார் பெண்கள் மேலுடம்பை மூடிக்கொள்ளலாம் என்று அறிவித்தார். அதிலும் ஒரு நிபந்தனை: மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக்கூடாது.

ஐம்பது வருடம் நடந்த இந்தச் சண்டையில் உத்தரவு போட்ட ஆண்களின் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. சந்தையில் துணி கிழிக்கப்பட்டு, அடுத்த வாரம் மறுபடி துணி போட்டுக்கொண்டு அதே சந்தைக்குப் போன பெண்களின் பெயர்கள்தான் கிடைப்பதில்லை. அவர்கள் போகாமல் இருந்திருந்தால் பிரகடனத்துக்கே அவசியம் வந்திருக்காது.

இதே நாகர்கோவிலில்தான் 1820களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட், பள்ளிச் சிறுமிகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த சிலர் அந்த வருமானத்தைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கியதாக மிஷனரிப் பதிவுகள் சொல்கின்றன. தோளில் ஒரு முழத் துணி போட உரிமை இல்லாத ஊரில், பெண்கள் உலகச் சந்தைக்கு லேஸ் பின்னினார்கள்.

ஐரோப்பாவில் போட்டே ஆக வேண்டும் என்றார்கள். இங்கே போடவே கூடாது என்றார்கள். பிறகு எங்கள் வீட்டில், போடு, ஆனால் போட்டது யாருக்கும் தெரியக்கூடாது என்றார்கள். ஆச்சி ஏன் அப்படி ஓடி வந்தாள் என்பதை இந்த வரலாற்றைப் படித்த பிறகுதான் கொஞ்சம் புரிந்துகொண்டேன். மூடிக்கொள்வதையே சண்டை போட்டு வாங்கிய ஊரில், மூடியதை வெயிலில் காட்டுவது சாதாரண விஷயமாக இருந்திருக்காது.

கைக்குட்டை இரண்டு

கார்செட்டை உடைத்தவர்கள் பலர். எனக்குப் பிடித்தவர் எர்மினி கதோல். பாரிஸ் கம்யூன் காலத்தில் புரட்சியாளர்களோடு நின்ற தையல்காரி. பிறகு அர்ஜென்டினாவுக்குப் போய்ப் புவெனஸ் ஐரிஸில் உள்ளாடைக் கடை போட்டார். 1889இல் கார்செட்டை இரண்டாக வெட்டினார். மேல்பாதி தோள்பட்டையில் இருந்து தொங்கி மார்பைத் தாங்கும், கீழ்பாதி இடுப்புக்கு. நூற்றாண்டுகளாகக் கீழே இருந்து முட்டுக்கொடுத்துத் தூக்கியதை அவர் மேலே இருந்து பிடித்தார். கத்தரிக்கோலும், போட்டுப் பார்த்து வலி அறிந்த உடம்பும் ஒரே ஆளிடம் இருந்தன.

1910 வாக்கில் நியூயார்க்கில் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற 19 வயதுப் பெண் ஒரு விருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மெல்லிய கவுனுக்குள் கார்செட்டின் எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. இரண்டு பட்டுக் கைக்குட்டை, கொஞ்சம் ரிப்பன், நூல் கொண்டுவரச் சொல்லி வேலைக்காரப் பெண்ணோடு சேர்ந்து ஒரு மார்பாடை தைத்துவிட்டார். 1914 நவம்பர் 3 அன்று காப்புரிமை கிடைத்தது. பிறகு 1,500 டாலருக்கு வார்னர் பிரதர்ஸ் கார்செட் கம்பெனிக்கு அதை விற்றார். பின்னாளில் கெரஸ் க்ராஸ்பி என்ற பெயரில் பாரிஸில் பிளாக் சன் பிரஸ் நடத்தி, ஜேம்ஸ் ஜாய்ஸின் எழுத்தை அச்சிட்டவரும் இவர்தான். இலக்கியம் படிக்கும் நமக்கு இது ஒரு நல்ல தகவல். ஆனால் ஊசியைக் கோத்துக்கொடுத்த அந்த வேலைக்காரப் பெண்ணுக்குக் காப்புரிமைத் தாளில் இடம் இல்லை.

1917இல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. போருக்கு இரும்பு வேண்டும், கார்செட் வாங்குவதை நிறுத்துங்கள் என்று அரசு பெண்களைக் கேட்டுக்கொண்டது. மருத்துவர்கள் நூறு வருடம் சொல்லியும் கேட்காத உலகம், போர்க்கப்பலுக்கு என்றதும் கேட்டது. போருக்குப் பிறகு வந்த நாகரிகம் மார்பே இல்லாத மாதிரி தட்டையாக இருக்கச் சொன்னது. ரஷ்யப் பேரரசில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய தையல்காரி ஐடா ரோசென்தால், தன் கூட்டாளி ஈனிட் பிசெட், கணவர் வில்லியம் ஆகியோரோடு சேர்ந்து 1922இல் அந்தத் தட்டைப் பட்டையை நடுவில் சுருக்கி இரண்டு கோப்பையாக்கினார். முதலில் கவுனோடு இலவசமாகக் கொடுத்தார்கள். பிறகு கவுனை விட்டுவிட்டு இதை மட்டுமே விற்றார்கள். அதுதான் மெய்டன்ஃபார்ம். ஏ, பி, சி, டி என்ற அளவுகள் 1930களில் இன்னொரு நிறுவனத்தில் இருந்து வந்தன.

நிலாவுக்குப் போன தையல்

1969இல் நிலாவில் நடந்த இருவரின் உடையைத் தைத்தது யார் தெரியுமா? பிளேடெக்ஸ் என்ற பெயரில் பிராவும் இடுப்புப் பட்டையும் விற்றுக்கொண்டிருந்த இன்டர்நேஷனல் லேடெக்ஸ் கார்ப்பரேஷன். ராணுவத்துக்கு விறைப்பான கவசம் செய்து பழகிய நிறுவனங்களோடு போட்டி போட்டு ஜெயித்தார்கள். உடம்பு வளையும், உடை அதோடு வளைய வேண்டும் என்பது அவர்களுக்குத் தொழிலிலேயே தெரிந்திருந்தது. 21 அடுக்குகள். தையல் ஓர் அங்குலத்தில் 64இல் ஒரு பங்குகூட விலகக்கூடாது. மறந்துபோய் ஒரு குண்டூசி உள்ளே தங்கினாலும் ஓர் உயிர் போகும். தைத்தவர்கள் டெலவேர் மாநிலத்துத் தையல்காரப் பெண்கள். மிஷினில் சாதாரண மிதிப்பில் ஒவ்வொரு தையலாகப் போட்டார்கள்.

அதற்கு முந்தைய வருடம், 1968 செப்டம்பர் 7 அன்று, அட்லாண்டிக் சிட்டியில் அமெரிக்க அழகிப் போட்டி அரங்குக்கு வெளியே பெண்கள் கூடி ஒரு குப்பைத்தொட்டி வைத்தார்கள். விடுதலைக் குப்பைத்தொட்டி என்று பெயர். பிரா, இடுப்புப் பட்டை, பொய் இமை, துடைப்பான், பத்திரிகைகள் என்று தங்களை அழுத்தும் எல்லாவற்றையும் அதில் போட்டார்கள். அன்று எதுவும் எரியவில்லை, அது மரப்பலகை நடைபாதை. போர் எதிர்ப்பாளர்கள் ராணுவ அழைப்பு அட்டையை எரித்ததோடு ஒப்பிட்டு ஒரு பத்திரிகைச் செய்தி எழுதப்போக, 'பிராவை எரித்தவர்கள்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றுவரை பெண்ணியம் பேசினால் யாராவது ஒருவர் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். அந்தத் தொட்டியில் விழுந்த துடைப்பான் யாருக்கும் ஞாபகம் இல்லை.

மூன்று பெண்கள்

நான் தேடி வந்த கதை 1977இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் நடந்தது. லிசா லிண்டால் தினமும் ஓடுகிறவர். ஓடும்போது வலி. ஆண்களுக்கு விளையாட்டுக்கென்று உள்ளாடை இருக்கிறது, நமக்கு ஏன் இல்லை என்று அவரும் அக்கா தங்கையுமாகப் பேசிச் சிரித்திருக்கிறார்கள். லிசாவின் கணவர் கேலிக்குத் தன் விளையாட்டு உள்ளாடையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு வந்து நின்றார். லிசா சிரிக்கவில்லை, யோசித்தார். நாடக உடைகள் தைக்கும் தோழி பாலி ஸ்மித் அப்படி இரண்டு ஆண் உள்ளாடைகளை வெட்டி ஒன்றாகத் தைத்தார். லிசா அதைப் போட்டுக்கொண்டு முன்னால் ஓட, பாலியின் உதவியாளர் ஹிண்டா மில்லர் எதிரில் பின்னோக்கி ஓடியபடி, எது அசைகிறது எது அசையவில்லை என்று பார்த்துக்கொண்டே வந்தார். அதுதான் ஜாக்பிரா. மூன்று பேரின் பெயரும் காப்புரிமையோடு சேர்ந்து நின்றது.

1999 ஜூலை 10 அன்று மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியில் சீனாவுக்கு எதிராக வெற்றி கோலை அடித்த பிராண்டி சாஸ்டெய்ன், சட்டையைக் கழற்றி மண்டியிட்டார். உள்ளே கறுப்பு ஸ்போர்ட்ஸ் பிரா. 90,000 பேர் மைதானத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையை மார்போடு ஒட்டி ஓடியது அதற்குப் பிறகுதான்.

ஆகவே துணி கண்டுபிடிக்கப்பட்டால் மட்டும் போதாது. இலங்கையின் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில், திருப்பூரில், திண்டுக்கல்லில் நம் பெண்கள் உலகத்துக்கே உள்ளாடை தைக்கிறார்கள். ஊசி அவர்கள் கையில்தான் இருக்கிறது. அளவும் விலையும் வேறெங்கோ முடிவாகின்றன. தைத்துவிட்டு வீட்டுக்குப் போய் அவர்களும் துண்டுக்கு அடியில்தான் காயப்போடுகிறார்கள். வெயில் படாத ஈரத் துணி தோலில் பூஞ்சையைக் கொண்டுவரும் என்று எந்தத் தோல் மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார்.

போன மே மாதம் ஊருக்குப் போனபோது அண்ணன் மகளுக்கு இரண்டு ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கிக்கொண்டு போனேன். 13 வயது, கால்பந்து ஆடுகிறாள். மறுநாள் காலை துவைத்து முன்கொடியில், தாத்தாவின் வேட்டிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போனாள். எடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். விரலால் அந்த எலாஸ்டிக்கை இழுத்து விட்டுப் பார்த்தாள்.

"கெட்டியாத்தான் இருக்கு. ஓடுகதுக்கா?"

"ஆமா ஆச்சி."

"நீ ஓடுனியே, அப்ப இதெல்லாம் கெடையாதா மக்ளே?"

"இருந்திச்சு ஆச்சி. நமக்குத் தெரியல."

ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. வெயில் நன்றாக ஏறியிருந்தது. பின்கொடிக்குப் போய், அங்கே எப்போதும் கிடக்கும் அந்தத் துண்டை எடுத்து முகத்தையும் கழுத்தையும் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.